ஸ்தோத்திரக் கவர்

சபை ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஹெப்சிபா கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். கவர் தட்டுப்பட்டது. தட்டுப்பட வேண்டிய கவர்தான், வாசலில் ஐயரம்மா பிடித்துக்கொண்டதால் விண்ணப்பப் பெட்டியில் போட முடியாமல் திரும்பவும் பைக்குள் திணித்த கவர்தான், அதனால் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் விரலுக்கு ஏதோ சந்தேகம். உள்ளே இருக்கிற தாள் இவ்வளவு விறைப்பாக இருக்கக் கூடாதே, அவள் எழுதியது பழைய கணக்கு நோட்டில் கிழித்த தாள் அல்லவா, அது தொளதொளவென்று அல்லவா இருக்கும். முந்தானையால் மறைத்துக்கொண்டு கவரைப் பிரித்தாள். அவள் புருஷன் துரைசிங்கின் கொட்டை எழுத்து. சேகரக் கமிட்டித் தேர்தலில் ஜெயம் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம், இப்படிக்கு துரைசிங், ஹெப்சிபா குடும்பத்தார். அப்படியானால் வாசல் தட்டில் அவள் போட்டது மற்றது. அட ஆண்டவரே. தட்டு இப்போது பலிபீடத்துக்கு அருகே மேஜை மேல் இருந்தது, கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை அதை வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார், ஆராதனை முடியும்போது ஐயர் துணியை எடுப்பார், ஒவ்வொரு கவராகப் பிரிப்பார், ஒலிபெருக்கியில் வாசிப்பார். சாந்தபுரத்தில் அதுதான் வழக்கம். நன்றி சொல்ல நினைக்கிறவன் என்னத்துக்காக நன்றி என்று எழுதிக் கவரில் போடுவான், சபையெல்லாம் கேட்கும், எல்லாரும் ஸ்தோத்திரம் என்பார்கள். கஷ்டத்தை எழுதுகிறவர்களுக்கு வாசல் ஓரத்தில் பூட்டுப் போட்ட பெட்டி. அதை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் திறந்து, பேரைச் சொல்லாமல் ஜெபிப்பார்கள். நன்றிக்கு மைக், அழுகைக்குப் பூட்டு. இருபது வருஷமாக இரண்டும் எது எது என்று தெரிந்தவள்தான், இன்றைக்குப் பார்த்துக் கை தப்பிவிட்டது.

கை தப்பாமல் என்ன செய்யும். காலையிலிருந்து அந்தக் கை இட்லிக்கு மாவு ஊற்றியது, பத்தாம் வகுப்பு மறுதேர்வுத் தாள் பன்னிரண்டைத் திருத்தியது, துரைசிங்கின் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டது, ஜெபச் சங்கிலிக்காரிகளை எழுப்பப் போன் போட்டது, அதற்கிடையில் அடுப்பு மேடையிலேயே நின்றுகொண்டு அந்தக் கடிதத்தையும் எழுதியது. வெறும் தாளாகப் பெட்டியில் போட்டால் கோயில்பிள்ளை கண்ணில் படுமே என்று வீட்டில் கட்டாக இருந்த ஸ்தோத்திரக் கவரில் ஒன்றை உருவி அதற்குள் வைத்தாள். அந்தப் புத்திசாலித்தனம்தான் இப்போது கழுத்தைப் பிடித்தது. ரெண்டும் ஒரே கவர், ஒரே பச்சைக் கோடு, ஒரே புறா. வாசலில் ஐயரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன டீச்சர், முகமே பிரகாசமா இருக்கு, ஜெபிக்கிற முகம் தனியாத்தான் தெரியுது" என்றாள். அது பிரகாசம் இல்லை, அடுப்பு வேக்காடு. அந்தப் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே கையில் வந்த கவரைத் தட்டில் போட்டாள். என்ன எழுதினோம்? ஒரு வார்த்தை மறக்கவில்லை, அதுதான் கொடுமை. ஆண்டவரே, எட்டு மாசமா நான் ஜெபம் பண்ணல. முட்டி போட்டுத் தூங்குறேன். எல்லாருக்கும் ஜெபிக்கச் சொல்லிப் பொய்யா நடிக்கிறேன். என்னால இனி முடியாது. உம்மையும் சேர்த்துத்தான் சொல்றேன். என்னைக் கொஞ்ச நாள் சும்மா விடும். கீழே பேர் வேறு. எந்தத் தாளைக் கண்டாலும் கையெழுத்துப் போட்டே பழகிய வாத்திச்சி கை, இதிலும் போட்டுவிட்டது. ஹெப்சிபா, தேதி, அடியில் ஒரு கோடு. அந்தக் கோட்டை நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

"சோர்ந்து போறது பாவம் இல்ல" என்று ஐயர் சொல்லிக்கொண்டிருந்தார், "சோர்ந்து உட்கார்ந்துர்றதுதான் பாவம்." தலைக்கு மேலே மின்விசிறி கடக் கடக் என்றது. பங்குனி வெயில் சன்னல் வழியாக நாலாவது பெஞ்சுவரை வந்திருந்தது, அவள் தோளில் பாதிக்கு வெயில், பாதிக்கு நிழல். உட்கார்ந்துவிடக் கூடாதாம். அவள் எங்கே உட்கார்ந்தாள்? யோசித்துப் பார்த்தால் இந்தப் பெஞ்சில்தான் வாரத்துக்கு ஒரு தடவை உட்காருகிறாள், அதிலும் எழுந்திருங்கள் உட்காருங்கள் என்று பத்துத் தடவை. முன்னே ஒரு காலம் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வருஷம் முன்னால், மாமனார் பக்கவாதத்தில் கிடந்தபோது, பகலெல்லாம் பள்ளிக்கூடம், சாயங்காலம் பீத்துணி, ராத்திரி தாள் திருத்தல் என்று ஓடி, ஒரு நாள் கரும்பலகையில் பாதிக் கணக்குப் போட்டுவிட்டு மீதி என்ன என்று தெரியாமல் சாக்பீசோடு நின்றாள். நாற்பத்தேழு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு மறுநாள்தான் நாலு மணிக்குத் தானாக விழிப்பு வந்தது. எழுந்து பால் விடாமல் ஒரு கட்டஞ்சாயா போட்டு எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஆண்டவரே என்று ஆரம்பித்தாள், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, வராவிட்டாலும் பரவாயில்லை என்று எதிரே யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. அந்த வீட்டில் அவளிடம் எதுவும் கேட்காத ஒரே ஆள். கொண்டா என்று சொல்லாத, எங்கே வச்சே என்று கேட்காத ஆள். சாயா ஆறிப்போகும்வரை இருந்தாள். மறுநாளும் இருந்தாள். மெய்யாகவே சொல்ல வேண்டும், அந்த ஒரு மணி நேரம்தான் அவளைப் பைத்தியமாகாமல் காப்பாற்றியது, மாமனார் சாகிறவரை முகம் சுளிக்காமல் பார்த்தாள் என்றால் அந்தப் படிக்கட்டுதான் காரணம். விசுவாசம் என்று ஒன்று உண்டென்றால் அது அங்கே இருந்தது, வாயைத் திறக்காமல், ஆறின சாயாவோடு.

அதை வைத்துக்கொள்ளத் தெரிந்ததா இந்தக் கூறுகெட்ட மனுஷிக்கு? சாட்சி சொன்னாள். பெண்கள் பண்டிகையில் மேடையேறி, நான் எப்படிச் சோர்ந்து போகாமல் இருக்கிறேன் என்று சொன்னாள், நல்ல மனசோடுதான் சொன்னாள், நாலு பேருக்கு உதவட்டும் என்று. கீழே இறங்குவதற்குள் ஐயரம்மா கண்ணீரோடு கட்டிப்பிடித்தாள். அடுத்த வாரமே ஜெபச் சங்கிலி என்று ஒன்று முளைத்தது. பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு இருபது நிமிஷம், நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை ஒருத்தி முடித்ததும் அடுத்தவள், சங்கிலி அறக் கூடாது. தலைவி யார்? டீச்சர்தான், வேற யாரு. நாலு மணிக்கு எழுந்து முதல் ஆளை எழுப்பிவிட்டு, ஒவ்வொருத்தியும் எழுந்தாளா என்று பார்த்து, எழாதவளுக்குப் போன் போட்டு, ஜெபம் முடிந்தது என்று வாட்ஸப் குழுவில் கைகூப்புகிற படம் வருகிறதா என்று எண்ணி, வராதவள் பேரை ஞாயிற்றுக்கிழமை ஐயரம்மாவிடம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு, விடிவதற்கு முன்னால் இங்கேயும் வருகைப் பதிவு. படிக்கட்டு போயிற்று. சாயா போயிற்று. எதிரே உட்கார்ந்திருந்தவரும் ஒரு நாள் எழுந்து போயிருப்பார், இவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் எழுந்ததையே கவனிக்கவில்லை. இல்லாவிட்டால் அவரும் மற்றவர்களோடு சேர்ந்துவிட்டாரோ, என்ன டீச்சர், பத்தாவது ஆள் இன்னும் எழும்பலையே என்று கேட்கிற கூட்டத்தில்? அப்படி நினைத்தது தப்பு, தேவதூஷணம், நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாக்கை எதற்குக் கடிக்கிறாய், அதைவிட மோசமானதை எழுதியே கொடுத்துவிட்டாயே, கோட்டோடு.

தோளில் பாரம் விழுந்தது. பியூலா. பக்கத்தில் இருந்தபடியே தூங்கிச் சரிந்திருந்தாள், மடியில் ஏழு மாசக் கைக்குழந்தை. சங்கிலியில் மூன்றாவது ஆள், நாலு நாற்பதுக்கு. பிள்ளை விடிய விடியப் பால் குடிக்கிறது, கண் அசருகிற நேரத்தில் ஹெப்சிபாவின் போன் அடிக்கும். போன வாரம் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க போன் மட்டும் வரலேன்னா நான் எழும்பவே மாட்டேன் பாத்துக்கிடுங்க" என்று சொன்னாள், நன்றியாகத்தான் சொன்னாள், கண்ணுக்குக் கீழே மை அப்பின மாதிரி கருப்பு. அதைக் கேட்டு இவள் என்ன செய்தாள்? கர்த்தர் பெலன் தருவார் என்றாள். அடிப் பாவி. நீ அவளை எழுப்பிவிட்டு, கட்டிலோரம் முட்டி போட்டு, மெத்தையில் முகத்தைப் புதைத்துத் தூங்குகிறாய். துரைசிங் எழுந்து வந்து பார்த்தால் ஜெபிக்கிறாள் என்று சத்தம் போடாமல் போகிறான், அந்தப் பத்து நிமிஷத் தூக்கத்துக்காகவே முட்டி போடுகிறாய். முட்டியில் காய்ப்பு வேறு, அதைப் பார்த்து ஐயரம்மா எல்லாப் பெண்களிடமும் சொல்லியிருக்கிறாள். உனக்காவது நடிக்கத் தெரியும், இந்தப் பிள்ளைக்கு அதுவும் தெரியாது, மெய்யாகவே எழுந்து உட்கார்ந்து ஜெபிக்கிறது. குழந்தை கொட்டாவி விட்டது. ஹெப்சிபா தோளை அசைக்கவில்லை. அசைத்தால் எழுந்துவிடுவாள், தூங்கட்டும், இந்த ஒரு காரியமாவது செய்வோம்.

அந்தச் சமயம் பார்த்துத்தானா ஐயர் அதைச் சொல்ல வேண்டும். "நம்ம சபையிலயே ஒரு சகோதரி இருக்காங்க. பேர் சொல்லல. பள்ளிக்கூடம், வீடு, ஊழியம் எல்லாத்தையும் சுமக்காங்க. நாலு மணிக்கு எழும்பி ஆண்டவர் சமுகத்துல நிக்காங்க. ஒரு நாளாவது அவங்க சோர்ந்து பாத்திருக்கோமா?" பேர் சொல்லல என்று சொன்னால் போதும், அத்தனை தலையும் நாலாவது பெஞ்சுக்குத் திரும்பும். ஆண்கள் பக்கத்தில் துரைசிங் மார்பை ஒரு சுற்றுப் பெரிதாக்கிக்கொண்டான். ஹெப்சிபா தலையைக் குனிந்தாள், தாழ்மை என்று நினைத்திருப்பார்கள். உள்ளே மட்டும் தட்டு, துணி, கவர், தட்டு, துணி, கவர் என்று ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து போய்த் தட்டிலிருந்து எடுத்துவிடலாமா? பலிபீடத்துப் படியில் ஒரு பொம்பளை ஏறினால் கோயில்பிள்ளை ஓடி வருவார். மயக்கம் போட்டு விழலாமா? விழுவது ஒன்றும் கஷ்டமில்லை, உடம்பைக் கொஞ்சம் விட்டாலே போதும், எட்டு மாசமாகப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். ஆனால் விழுந்தாலும் கவர் வாசிக்கப்படும், விழுந்த காரணமும் சேர்ந்து தெரியும். துரைசிங் முகத்தை நினைத்தாள். சபைக் கமிட்டிக்கு ஜெயித்து இன்றோடு ஒன்பது நாள். ஐயரம்மாவை நினைத்தாள். பத்தாம் வகுப்பு சி பிரிவுப் பிள்ளைகள் நாலு பேர் பாடகர் குழுவில் நிற்கிறதுகள், அதுகளை நினைத்தாள். சீ, என்ன கேவலம். அப்புறம், எங்கிருந்தோ, அடியிலிருந்து, வேறொன்று தலை தூக்கியது. வாசிக்கட்டுமே. வாசித்தால்தான் என்ன. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அத்தனை பேர் காதிலும் விழட்டும். டீச்சருக்கு முடியலையாம் என்று சொல்லட்டும். நாளைக் காலையில் ஒருத்தியும் போன் எதிர்பார்க்க மாட்டாள். பயத்தில்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று நினைத்திருந்தாள், இப்போது பார்த்தால் அது பயம் மட்டுமில்லை, ஆசையும்தான். ஆண்டவரே, வாசிக்க வேண்டாம். ஆண்டவரே, வாசிக்கட்டும். எட்டு மாசத்துக்குப் பிறகு அவள் வாயில் வந்த முதல் ஜெபம் அதுதான், அதுவும் ரெண்டு பக்கமும் இழுக்கிற ஜெபம்.

காணிக்கைப் பாட்டு முடிந்தது. அறிவிப்புகள் முடிந்தன. கோயில்பிள்ளை துணியை எடுத்தார். ஐயர் கவர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கையில் அடுக்கிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்ததற்காக. ஸ்தோத்திரம். பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக. ஸ்தோத்திரம். போர் போட்டதில் தண்ணீர் வந்ததற்காக. ஸ்தோத்திரம். காணாமல் போன பசுமாடு திரும்பி வந்ததற்காக. பசுமாட்டுக்குக் கொஞ்சம் பலமாகவே ஸ்தோத்திரம் சொன்னார்கள். அப்புறம் ஒரு கவரைப் பிரித்தார், தொளதொளத்த தாள், கட்டம் போட்ட தாள், இங்கிருந்தே தெரிந்தது. கண்ணாடியை மேலே தள்ளினார். வாசித்தார், வாய்க்குள். மின்விசிறி கடக் கடக் என்றது. அவள் தோளில் பியூலா மூச்சு விட்டாள், வாங்கினாள். ஐயர் தலையைத் தூக்கவில்லை, நாலாவது பெஞ்சைப் பார்க்கவில்லை, தாளை மட்டும் பார்த்துக்கொண்டே குரலைச் செருமினார். "துரைசிங், ஹெப்சிபா குடும்பத்தார். தேவன் தந்த எல்லா நன்மைகளுக்காகவும்." சபை ஸ்தோத்திரம் என்றது. சபையோடு அவள் வாயும் சொன்னது, அவள் சொல்லாமலே சொன்னது, பழகின வாய். தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு அவர் அடுத்த கவரைப் பிரித்தார். பிழைத்தோம் என்று உடம்பு தளர்ந்தது. தளர்ந்த கையோடு ஒரு ஆத்திரம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு ஆத்திரம். முடியல என்று எழுதினேனே ஐயா. அதற்கும் ஸ்தோத்திரமா?

வாசலில் ஐயர் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றார். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தபோது அவர் உள்ளங்கையில் மடித்த தாள் இருந்தது, கை கொடுக்கிற சாக்கில் அவள் கைக்குள் வைத்து அழுத்தினார். "டீச்சர், நான் பாத்துக்கிட்டேன். வேற யாருக்கும் தெரியாது, பயப்படாதீங்க." அவர் கை சுட்டது. காலையிலிருந்து மூன்று கிராமத்துக் கோயிலில் ஆராதனை முடித்துவிட்டு வந்தவர், கண் ரெண்டும் சிவந்து கிடந்தது, இத்தனை வருஷத்தில் அதை இன்றைக்குத்தான் பார்த்தாள். "டீச்சர்," என்றார் இன்னும் தாழ்ந்த குரலில், "எனக்குங்கூட..." அதற்குள் பின்னாலிருந்து பசுமாட்டுக்காரர் கையை நீட்டிவிட்டார். ஐயரின் முகம் ஒரு நொடியில் பழைய முகமாகிவிட்டது, சத்தமாகவே சொன்னார், "அப்ப டீச்சர், மே மாச விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நீங்கதான் பொறுப்பு, கமிட்டில பேர் கொடுத்துட்டேன். உங்கள விட்டா யாரு இருக்கா!" ஹெப்சிபா, "சரிங்கய்யா" என்றாள். சொன்ன வாயிலேயே ஒன்று போட வேண்டும் போல் இருந்தது.

துரைசிங் வேப்பமரத்தடியில் வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தான். வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கினான். "நம்ம கவர என்னட்டி, மொட்டையா வாசிச்சிட்டாரு? தேர்தல்னு நான் தெளிவாத்தான எழுதியிருந்தேன்" என்றான். அவள் தாளை நீட்டினாள். வாங்கிப் பிரித்தான். உதடு அசைய அசைய வாசித்தான், ரெண்டாவது தடவை மேலிருந்து வாசித்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தோரு வருஷத்தில் எதையும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. இப்போது நிமிர்வான், என்ன சொல்லுவான், என்ன பிள்ளே, உனக்கு என்ன செய்யுது என்று ஒரு வார்த்தை. அவன் நிமிர்ந்து முதலில் அக்கம்பக்கம் பார்த்தான்.

"இத யாரெல்லாம் பாத்தா?"

"ஐயரு மட்டுந்தான்."

"நல்ல வேளை" என்று மூச்சை விட்டான். தாளை நாலாக மடித்துக் கஞ்சி போட்ட சட்டையின் பைக்குள் வைத்துக்கொண்டான். "அறிவிருக்கா உனக்கு? வீட்ல போய்ப் பேசிக்கிடுவோம். ஏறு, கறிக்கடைல கூட்டம் வந்துரும்" என்று வண்டியை உதைத்தான். அவன் சுபாவம் அது, கெட்டவன் இல்லை, வீட்டில் போய்ப் பேசவும் மாட்டான். ஏறத்தான் காலைத் தூக்கினாள். தூக்கின கால் வண்டிக்குப் போகவில்லை. திரும்பிக் கோயில் படிக்கு வந்து, எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இடத்தில், மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். கல் சுட்டது. பட்டுச் சேலை. இருந்தாலும் உட்கார்ந்தாள்.

பியூலா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தூக்கம் கலைந்த முகத்தோடு இறங்கி வந்தாள். "என்னக்கா இங்க இருக்கீங்க? உங்க தோள்லயே தூங்கிட்டேன், ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க. நாளைக்கும் நாலு நாற்பதுக்கு முன்னாடியே போன் போட்டுருங்க அக்கா, என்ன?"

"போட மாட்டேன்" என்றாள் ஹெப்சிபா. "நீ தூங்கு."

பியூலாவின் முகம் வெளுத்தது. "ஐயோ, ஏன் அக்கா, நான் என்ன தப்பு செஞ்சேன்? இந்த வாரம் ஒரு நாள்கூட நான் விடலியே. என்னய சங்கிலில இருந்து எடுத்துட்டாங்களா?"

ஹெப்சிபா பக்கத்தில் கல்லைத் தட்டி, உட்காரு என்று காட்டினாள். பியூலா உட்காரவில்லை, பயந்துபோய் ஐயரம்மா எங்கே என்று தேடினாள். மரத்தடியில் துரைசிங் ஹாரன் அடித்தான். கொஞ்சம் பொறுத்து நீளமாக இன்னொரு தடவை அடித்தான். படியில் இறங்கியவர்கள் டீச்சரைப் பார்த்தார்கள், வண்டியைப் பார்த்தார்கள், மறுபடி டீச்சரைப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.